மஞ்சத்தூள் ரேடியேட்டர்!

ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல நான் 82 மார்க் பாஸ்! ஃபின் எஃபிஷியன்சி, எல்.எம்.டி.டி-னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனா, போன மாசம் லீவுக்கு வரதராஜன்பேட்டை போனப்ப ஒரு நிஜ ரேடியேட்டர் முன்னாடி நின்னேன் பாருங்க... ஙே!

பெரியப்பாகிட்ட ஒரு டீசல் அம்பாஸடர். அந்த காரைத் தயாரிக்கறதை 2014-லயே கம்பெனி நிறுத்திடுச்சு. இவர் ஓட்டறதை நிறுத்தலை. கல்யாணமோ, நடுராத்திரி பிரசவ வலியோ, எங்க தெருவுக்கு அதான் வண்டி. பெரியப்பா வீட்டு அடுப்பு எரியறதும் அதாலதான். திங்கக்கிழமை காலைல பக்கத்து வீட்டுத் தாத்தாவை கண் ஆபரேஷனுக்குத் தஞ்சாவூர் கூட்டிட்டுப் போறதா வாக்கு வேற குடுத்திருந்தார்.

சனிக்கிழமை ஆண்டிமடம் போற வழியில, முந்திரித் தோப்பு ஓரமா டெம்பரேச்சர் முள்ளு சிவப்பைத் தொட்டுடுச்சு. பானெட்டைத் தூக்கினா குப்புனு ஆவி. இன்ஜினீயர் சும்மா இருப்பாரா? கர்ச்சீப்பைச் சுத்திட்டு ரேடியேட்டர் மூடியில கை வெச்சேன்.

“டேய், கையை எடுடா! மூஞ்சி வெந்துரும்!”

அவர் என் கையைத் தட்டிவிட்ட அப்புறம்தான் படிச்சது ஞாபகம் வந்துச்சு. அந்த மூடிக்குள்ள ஸ்பிரிங் இருக்கு. அது அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கும். ஒரு பவுண்டு அழுத்தம் கூடினா, தண்ணியோட கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி ஏறும். 7 பவுண்டு மூடின்னா, 110 டிகிரியில கூட உள்ளே தண்ணி தண்ணியாவே இருக்கும். மூடியைத் திறந்த நொடியே அழுத்தம் போயி, அதுல ஒரு பகுதி ஆவியா மாறி, மிச்ச வெந்நீரையும் சேர்த்து மேல வாரி அடிக்கும். 82 மார்க் வாங்கினவனுக்கு இது ரோட்டுல தோணலை. எட்டாங்கிளாஸோட நிறுத்தின பெரியப்பாவுக்குத் தோணுச்சு.

முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, தண்ணி ஊத்தி, டிக்கியிலேர்ந்து ஒரு டப்பாவை எடுத்தார். மஞ்சத்தூள்! ரெண்டு கை அள்ளி ரேடியேட்டருக்குள்ள போட்டார். நம்ம ஊர் டிரைவர்களோட பழைய வைத்தியம் இது. தூள் ஊறிப் போய் சின்ன ஓட்டையை அடைச்சுக்கும். நிஜமாவே ஒழுகல் குறைஞ்சு, ஜெயங்கொண்டம் வரை போய்ச் சேர்ந்துட்டோம்.

முதல் ஒர்க்‌ஷாப்ல பார்த்த உடனே தீர்ப்பு: “இது தேறாதுண்ணே. அலுமினியத்துல புதுசு போட்டுரலாம். பழசை நானே எடுத்துக்கறேன்.” நானும், “ஆமா பெரியப்பா, அலுமினியம் வெயிட் கம்மி”னு ஜால்ரா போட்டேன். பெரியப்பா பதில் சொல்லாம சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கிட்டார்.

நல்லவேளை, அடுத்த தெருவுல ரேடியேட்டர் பத்தவைக்கிற அண்ணன் ஒருத்தர் இருந்தார். ரெண்டு வாயையும் ரப்பர் வெச்சு அடைச்சு, காத்து அடிச்சு, தண்ணித் தொட்டியில அமுக்கினார். சைக்கிள் பஞ்சர் டெக்னிக்தான். ரெண்டு இடத்துல குமிழி. “இது செம்பும் பித்தளையும் தம்பி. எடைக்குப் போட்டாலே காசு. அதான் பழசைக் கேட்டிருக்காங்க”னு சிரிச்சார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு நிஜமான லேப். மேல்தொட்டியைச் சூடு காட்டிக் கழட்டினா... உள்ளே மஞ்சளும் துருவும் சுண்ணாம்பும் கலந்து சாந்து மாதிரி. போர்த்தண்ணி சூடானா அதுல கரைஞ்சிருக்கற சுண்ணாம்பு வெளியேறி ஒட்டிக்கும், வெந்நீர் அண்டாவுல வெள்ளையா படியுதே, அதேதான். செம்பு கடத்துற வெப்பத்துல நூத்துல ஒரு பங்குகூட இந்தப் படிவம் கடத்தாது. வருஷக்கணக்கா சேர்ந்த சுண்ணாம்போட, ஓட்டையை அடைச்ச அதே மஞ்சளும் குழாய்களை அடைச்சு வெச்சிருந்துச்சு.

பட்டைக் கம்பியை ஒவ்வொரு குழாயா விட்டுக் குத்தி எடுத்தார். ஓட்டையைத் தேய்ச்சு, ஆசிட் தடவி, ஈயம் வெச்சார். வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்த பத்து 183 டிகிரியில இளக ஆரம்பிக்கும். செம்பு உருக 1085 வேணும். அதனால குழாய்க்கு ஒண்ணும் ஆகாது. புதுக் கார்கள்ல வர்ற அலுமினிய ரேடியேட்டரை இப்படிச் சுலபமா பத்தவைக்க முடியாது. மேல ஆக்சைடு படலம், ஈயம் ஒட்டாது. தொட்டியும் பிளாஸ்டிக், விரிசல் விட்டா மாத்தறதுதான் நல்லது. செம்பு ரேடியேட்டருக்கும் ஆயுசு உண்டு. தகடு கையோட உதிர்ந்தாலோ, நிறைய குழாய் அரிச்சிருந்தாலோ கோரை மாத்தியே ஆகணும். தொட்டிங்க பழசே போதும்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்தலா இருந்துச்சு. அந்த அண்ணன் மாஸ்க் போடலை, ஈயம் தொட்ட கையோட டீ கிளாஸை எடுத்தார். இந்த வேலை செய்யறவங்க ரத்தத்துல காரீயம் கூடுதலா இருக்கறதை பல ஆய்வுகள் சொல்லியிருக்கு. தயங்கித் தயங்கிச் சொன்னேன். “இருபது வருஷமா இப்படித்தான் தம்பி”னார். ஆனா, கையைக் கழுவிட்டுதான் அடுத்த டீ குடிச்சார்.

புதுசு போடுற செலவுல கால்வாசிகூட ஆகலை. மூடியையும் மாத்திட்டோம். அதோட ரப்பர் பிளந்து கிடந்துச்சு. கூலன்ட் வாங்கச் சொன்னா, “தண்ணிக்குமாடா காசு?”னு பெரியப்பா முறைச்சார். துருப் பிடிக்காம இருக்கற மருந்தும் அதுலதான் இருக்குனு கடைக்காரர் முன்னாடியே வாதாடி வாங்க வெச்சேன்.

திங்கக்கிழமை தாத்தா முன் சீட்டுல, நான் பின்னாடி. தஞ்சாவூர் போய்த் திரும்பற வரைக்கும் முள்ளு நடுவுலயே நின்னுச்சு. வீட்டுக்கு வந்தா, மஞ்சத்தூள் டப்பாவைக் காணோம்னு பெரியம்மா அடுப்படியை உருட்டிட்டு இருந்தாங்க. நான் டிக்கியைத் திறந்து எடுத்துக் குடுத்தேன். பெரியப்பா என்னைப் பார்க்கவே இல்லை!