மலைக்குத் தனிக் கணக்கு வேண்டும்

நோய் நீங்கிய பின்னும் குருதியில் எதிர்ப்பொருள் சில காலம் தங்கியிருக்கும். மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறாத தொற்றையும் அது காட்டிக்கொடுக்கும். 2020 அக்டோபர், நவம்பரில் தமிழகப் பொதுச் சுகாதாரத் துறை சுமார் 26,000 பேரிடம் நடத்திய ஆய்வில் 31.5 விழுக்காட்டினரிடம் கொரோனா எதிர்ப்பொருள் இருந்தது. அதுவரை பரிசோதனையில் உறுதியான நோயாளிகளோ மக்கள்தொகையில் ஏறத்தாழ 1 விழுக்காடுதான்.

ஆனால் மாவட்டச் சராசரிக்குள் சாதியும் வறுமையும் மறைந்துபோகும். மும்பையின் மூன்று வார்டுகளில் 2020 ஜூலையில் குடிசைப் பகுதிகளைத் தனியாகவும் மற்றவற்றைத் தனியாகவும் ஆய்ந்தனர். முன்னதில் 57 விழுக்காடு, பின்னதில் 16. பிரித்துப் பார்த்ததால்தான் இந்த ஏற்றத்தாழ்வு வெளிப்பட்டது.

வெள்ளிமலையும் சமவெளிக் கள்ளக்குறிச்சியும் ஒரே மாவட்டம். கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் அதில் சிறுபான்மையினர். மக்கள்தொகை விகிதப்படி மாதிரி எடுத்தால் மலைக்குச் சில தொகுப்புகளே கிடைக்கும்; அவற்றைக் கொண்டு மலையின் நிலையைக் கணிக்க இயலாது.

பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவது அரசின் முதன்மைக் கடமை என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 47ஆம் கூறு. எனவே டெங்கு உள்ளிட்ட எந்தத் தொற்றுக்கான ஆய்விலும் மலையையும் சேரிகளையும் தனி அலகுகளாகக் கொள்ள வேண்டும். குருதி எடுக்குமுன் விளக்கி இசைவு பெற வேண்டும். பெயர்களை மறைத்து, முடிவுகளைக் கிராம சபையில் வைக்க வேண்டும். குருதி கொடுத்தவர்களுக்கு அதன் முடிவைக் கேட்கும் உரிமை உண்டு.