புதுசு புதுசுன்னு ஏன்யா பறக்குறீங்க?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. பழைய கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போடலாமான்னு கேக்குறவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. கொல்கத்தாவும் விலக்கில்லை. சாந்தினி சௌக்ல செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கின பையன், லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கிற நம்ம ஊர்ப் பெரியவர், யார் கேட்டாலும் சரி, உடனே ஒரு நிபுணர் வந்து நிப்பார். "லேட்டஸ்ட் வெர்ஷன் போடுங்க சார், எல்.டி.எஸ். எல்லாம் பழசு!" அவரோடதான் எனக்குச் சண்டை.

உபுண்டுவையே எடுத்துக்குவோம். 2004 அக்டோபர்ல ஆரம்பிச்சதிலிருந்து ஆறு மாசத்துக்கு ஒரு வெளியீடு. முதல் எல்.டி.எஸ். 2006 ஜூன்ல வந்த 6.06. இப்போ ரெட்டைப்படை வருஷ ஏப்ரல்ல வர்றது எல்.டி.எஸ்., அதுக்கு 5 வருஷம் பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. நடுவுல வர்றதுக்கு? வெறும் 9 மாசம். முன்னே 18 மாசம் கொடுத்தாங்க, 2013-ல வந்த 13.04-லிருந்து அதைப் பாதியாக்கிட்டாங்க.

பேங்க் பாஷையில சொன்னா இது ஒன்பது மாச டெபாசிட். ஆட்டோ ரினியூவல் கிடையாது, ஒவ்வொரு தடவையும் நேர்ல போய் நிக்கணும். 24.10 வந்தது 2024 அக்டோபர். முடிஞ்சது 2025 ஜூலை. அஞ்சு வருஷத்துல பத்து தடவை மாத்தணும். ஒவ்வொரு தடவையும் வைஃபை வருமா, பிரிண்டர் ஓடுமா, தமிழ்த் தட்டச்சு இருக்குமான்னு திக் திக்குதான். சாஃப்ட்வேர் இலவசம், சரி. அதுக்குப் போற ஞாயித்துக்கிழமைகள் இலவசமா? அந்தச் செலவை எந்தக் கணக்குல எழுதுறது?

"பழசுன்னா ஆபத்து இல்லையா?"ன்னு அடுத்த கேள்வி வரும். எல்.டி.எஸ்.ல பெரும்பாலான மென்பொருளோட வெர்ஷன் எண்தான் பழசு, ஓட்டையை அடைக்கிற திருத்தம் புதுசா வந்துக்கிட்டேதான் இருக்கும். பிரவுசரும் புதுசாவே வரும். டெஸ்க்டாப்புக்குப் புது கெர்னலும் இடையிடையே வரும்.

புதுசுலதான் பாதுகாப்புன்னு சொல்றவங்க 2024 மார்ச்சை நினைச்சுப் பாக்கட்டும். எக்ஸ்இசட்-ங்கிற சுருக்கும் மென்பொருளோட 5.6.0, 5.6.1 வெர்ஷன்கள்ல யாரோ கள்ளக்கதவு வெச்சுட்டாங்க. லாகின் அரை நொடி தாமதமாகுதேன்னு நோண்டிப் பாத்து ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் கண்டுபிடிச்சார். அதுக்குள்ள அது எங்கெல்லாம் போயிருந்துச்சு? டெபியன் டெஸ்டிங், ஃபெடோரா ராஹைட், ஓப்பன்சூசே டம்பிள்வீட்... எல்லாம் சுடச்சுட எடுத்துக்கிற இடங்கள். டெபியன் ஸ்டேபிளுக்கோ, வெளியாகியிருந்த உபுண்டுவுக்கோ போகலை. காத்திருந்தவன் தப்பிச்சான்.

ஆனா எல்.டி.எஸ்.னு பேர் வெச்சாலே நம்பிடவும் கூடாது. டெபாசிட் போடுறதுக்கு முன்னாடி பேங்க் எதுன்னு பாக்குறோமில்ல? 2029 வரைக்கும்னு சொன்ன சென்ட்ஓஎஸ் 8-ஐ 2021 டிசம்பர் 31-லயே முடிச்சுட்டாங்க. அறிவிச்சது 2020 டிசம்பர்ல. நம்பி சர்வர் போட்டவங்களுக்குக் கிடைச்சது ஒரு வருஷக் கெடு. அதனால வாக்கு கொடுக்கிறவர் யாரு, பழைய வாக்கைக் காப்பாத்தினாரான்னு பாருங்க.

புது வெளியீடே வேண்டாம்னு நான் சொல்லலை. நேத்து சந்தைக்கு வந்த லேப்டாப், புது கிராஃபிக்ஸ் கார்டு, புரோகிராம் எழுதுற வேலைன்னா தாராளமா போடுங்க. அவங்க ஓட்டிப் பார்த்துப் பிழை சொல்றதாலதான் நம்ம எல்.டி.எஸ். உறுதியா இருக்கு. அதுக்கு நன்றி! அதே மருந்தை ஊருக்கே எழுதிக் கொடுக்காதீங்கன்னுதான் சொல்றேன். கேரளப் பள்ளிகளுக்காக கைட் நிறுவனம் 2019-ல கொண்டு வந்த லினக்ஸ், உபுண்டு 18.04 எல்.டி.எஸ். மேல கட்டினது. ஆயிரக்கணக்கான பள்ளிகள்ல ஆறு மாசத்துக்கு ஒருக்கா யார் போய் மாத்துவா?

நம்மளைப் போல வெளியூர்ல இருக்கிறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். கம்ப்யூட்டர் தஞ்சாவூர்ல அப்பா மேஜை மேல, நாம ஹூக்ளிக் கரையில. கோரமண்டல் எக்ஸ்பிரஸ்ல சென்னை போகவே ஒரு நாளுக்கு மேல ஆகும். பென்ஷன் வந்துச்சான்னு பாக்க அவர் உட்காரும்போது திரை கறுப்பா நின்னா, லேட்டஸ்ட் வெர்ஷன் போடச் சொன்ன நிபுணரா போய் நிப்பார்? :-)