பேருடல் விலங்கும் நம் கடமையும்

யானையைக் கண்டு வியக்கின்றோம். அதனினும் பன்மடங்கு பெரிய டைனோசர்கள் பண்டு இந்நிலவுலகில் உலவின. அத்தகைய பெருவிலங்கு ஒன்றன் எலும்புகள் அரியலூரை அடுத்த கல்லமேட்டில் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த யாதகிரி, அய்யாசாமி என்னும் அறிஞர் இருவர் 1987ஆம் ஆண்டில் அவ்விலங்கிற்குப் 'பிருகத்காயோசாரசு' எனப் பெயரிட்டனர். 'பிருகத்காயம்' என்னும் வடசொல் பேருடல் எனப் பொருள்படும். அதன் கணைக்காலெலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம் எனின், முழுவுடலின் பெருமையை என்னென்பது!

6 கோடி ஆண்டுகளுக்கு மேலாக மண் காத்த அவ்வெலும்புகள், தோண்டி எடுத்தபின் பொடிந்து அழிந்தன. எஞ்சியவை வரைபடங்களும் ஒளிப்படங்களுமே. ஆதலின், அவை எலும்புதாமோ, கல்லாகிய மரமோ எனப் பின்வந்தோர் ஐயுற்றபோது, எடுத்துக்காட்டப் பொருள் இல்லாது போயிற்று.

கறையான் அரித்த ஏடுகளோடு நாம் இழந்த தமிழ்நூல்கள் பல. இவ்விழப்பும் அத்தகையதே. அரும்பொருளைக் கண்டெடுத்தல் பாதிப் பணியே. அழியாது காத்தல் மறுபாதி என்பது என் துணிபு. மாணவர்களே! ஓடையிலோ வயலிலோ விந்தையான கல்லொன்றைக் காணின், அதனை உடைத்துப் பாராதீர்கள். கண்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, ஆசிரியரிடம் உடனே அறிவியுங்கள்.