'இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்' இன்டர்ன்ஷிப்: பணம் கட்டும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பி.காம், பி.பி.ஏ படிக்கும் மாணவர்களின் மொபைலில் அடிக்கடி வந்து விழும் விளம்பரம் இது: 'இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் பயிற்சி, இன்டர்ன்ஷிப், வேலை உறுதி'. கட்டணம் சில ஆயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. இஎம்ஐ வசதியும் தருகிறார்கள். ஆனால், இந்த ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன என்பதை விளம்பரம் பெரும்பாலும் சொல்வதில்லை. நீங்கள் பணம் கட்டுவது எந்த வேலைக்கு?

முதல் வேலை என்ன?

ஒரு நிறுவனம் பங்கு வெளியிட்டுப் பணம் திரட்ட நினைக்கிறது. அல்லது இன்னொரு நிறுவனத்தை வாங்கப் பார்க்கிறது. அதற்கு ஆலோசனை சொல்லி, பேரத்தை முடித்துக் கொடுப்பவர்தான் இன்வெஸ்ட்மென்ட் பேங்கர். பங்கு வெளியீட்டைக் கையாளும் இவர்களை நம் விதிமுறைகள் 'மெர்ச்சன்ட் பேங்கர்' என்கின்றன. செபியிடம் பதிவு பெற்றிருப்பது கட்டாயம்.

நமக்குத் தெரிந்த உதாரணமே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய் மோட்டார் இந்தியா, 2024 அக்டோபரில் ரூ.27,870 கோடிக்கு ஐபிஓ கொண்டு வந்தது. அதுவரை இந்தியா கண்டதிலேயே பெரிய பங்கு வெளியீடு அதுதான். அதை நடத்திக் கொடுத்தவை கோட்டக், சிட்டி, ஹெச்எஸ்பிசி, ஜேபி மோர்கன், மார்கன் ஸ்டான்லி ஆகிய 5 குழுமங்களைச் சேர்ந்த நிறுவனங்கள். கம்பெனியின் மதிப்பு எவ்வளவு, ஒரு பங்குக்கு என்ன விலை வைக்கலாம், முதலீட்டாளர்களிடம் எந்தெந்த அபாயங்களைச் சொல்லியாக வேண்டும் என்பதெல்லாம் இவர்கள் பொறுப்பு. கடைசியில் விலை ரூ.1,960 என முடிவானது. பட்டியலான முதல் நாளிலேயே பங்கு அதற்குக் கீழே இறங்கியது. விலை நிர்ணயம் எவ்வளவு சிக்கலான வேலை என்பதற்கு இதுவே சாட்சி.

இந்த டீமில் இன்டர்னாகச் சேர்ந்தால் என்ன வேலை? அதே துறையில் உள்ள மற்ற கம்பெனிகளின் கணக்குகளை எக்செல்லில் அடுக்கி ஒப்பிடுவது, பிரசன்டேஷன் தயாரிப்பது, ஆவணத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணும் சரியா என்று சரிபார்ப்பது. கேட்க எளிது. ஆனால் ஒரு எண் தப்பினாலும் பெரிய சிக்கல்.

இரண்டாவது வேலை?

பங்கோ பத்திரமோ கைமாறிய பிறகு நடப்பது இது. வாங்கியவருக்குப் பங்கும் விற்றவருக்குப் பணமும் போய்ச் சேர்ந்ததா, இரு தரப்புக் கணக்கும் ஒத்துப்போகிறதா, வாடிக்கையாளரின் கேஒய்சி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதற்கு 'ஆபரேஷன்ஸ்' என்று பெயர். இந்தியப் பங்குச் சந்தை 2023 ஜனவரியிலும், அமெரிக்கச் சந்தை 2024 மே மாதத்திலும் வர்த்தகத்துக்கு அடுத்த வேலை நாளிலேயே கணக்கு முடிக்கும் முறைக்கு முழுமையாக மாறிவிட்டன. அதனால் இந்த வேலையில் வேகமும் கவனமும் முன்பைவிட அதிகம் தேவை.

சிட்டி, பிஎன்ஒய், ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட், பார்க்லேஸ் போன்ற வங்கிகளுக்குச் சென்னையில் பெரிய அலுவலகங்கள் உண்டு. பட்டம் முடித்ததும் இப்படிப்பட்ட இடங்களில் கிடைக்கும் பல வேலைகள் ஆபரேஷன்ஸ் வகைதான். இது நல்ல வேலை. குடும்பத்தைத் தாங்கும் வேலை. ஆனால் 'இங்கே சேர்ந்தா ரெண்டு வருஷத்துல டீல் டீமுக்குப் போயிடலாம்' என்று யாராவது சொன்னால், அப்படியே நம்ப வேண்டாம். மாறியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தானாக நடக்காது. நடுவில் சிஏ, எம்பிஏ போன்ற ஒரு படிப்பு தேவைப்படுவதே வழக்கம்.

முதல் வேலைக்கு எப்படித்தான் நுழைவது?

இந்தியாவில் டீல் வேலை பெரும்பாலும் மும்பையில் நடக்கிறது. ஐஐஎம் போன்ற முன்னணி எம்பிஏ கல்லூரிகளுக்கும், சிஏ முடித்தவர்களுக்கும், டெல்லி, மும்பையின் சில கல்லூரிகளுக்கும்தான் வங்கிகள் தேடிப் போகின்றன. ஐஐஎம்களில் கோடை இன்டர்ன்ஷிப்புக்கான தேர்வு, முதலாமாண்டு தொடங்கிய சில மாதங்களிலேயே முடிந்துவிடுகிறது. அமெரிக்காவில் இன்னும் சீக்கிரம்: மூன்றாமாண்டு முடிந்து வரும் கோடைக்கு, இரண்டாமாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். அங்கே இளநிலை படிக்கப் போகும் நம் மாணவர்கள் பலருக்கு இது தெரிவதற்குள் கதவு மூடிவிடுகிறது.

போட்டியும் கடுமை. 2024 கோடை இன்டர்ன்ஷிப்புக்கு கோல்ட்மேன் சாக்ஸ் நிறுவனத்துக்கு உலகம் முழுவதும் இருந்து வந்த விண்ணப்பங்கள் 3.15 லட்சத்துக்கும் மேல். இடம் கிடைத்தது சுமார் 2,700 பேருக்கு. நூற்றில் ஒருவர்கூட இல்லை.

கிடைத்தாலும் உழைப்பு சாதாரணமல்ல. இன்டர்ன்கள் நள்ளிரவுக்கு முன் கிளம்பிவிட வேண்டும், காலை 7 மணிக்கு முன் வரக்கூடாது என்று 2015ல் அதே நிறுவனம் விதி போட வேண்டியிருந்தது. அப்படி ஒரு விதி தேவைப்பட்டது என்பதிலிருந்தே நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

கோவையிலோ மதுரையிலோ படிக்கிறேன். என்ன பண்ணலாம்?

வங்கி உங்கள் கல்லூரிக்கு வராது என்றால், நீங்கள்தான் போக வேண்டும். செலவில்லாமல் தொடங்க சில வழிகள்:

முதலில், ஐபிஓவுக்கு வரும் கம்பெனிகளின் வரைவு ஆவணத்தைப் படியுங்கள். செபி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கும், பயப்பட வேண்டாம். தொழில் விவரம், அபாயங்கள், கணக்குகள் ஆகிய மூன்று பகுதிகளை மட்டும் பொறுமையாகப் படித்தாலே போதும். இன்டர்ன் வேலை எப்படி இருக்கும் என்பது புரிந்துவிடும்.

அடுத்து, உங்களுக்குப் பழக்கமான ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 5 ஆண்டு அறிக்கைகளை வைத்து எக்செல்லில் நீங்களே ஒரு மதிப்பீடு போடுங்கள். நேர்காணலில் சான்றிதழைவிட இதைப் பற்றித்தான் அதிகம் பேச முடியும். சான்றிதழும் வேண்டும் என்றால், செபி நிறுவிய என்ஐஎஸ்எம் அமைப்பு மெர்ச்சன்ட் பேங்கிங் தேர்வு நடத்துகிறது.

மூன்றாவது, பெரிய பெயர்களை மட்டும் துரத்த வேண்டாம். பதிவு பெற்ற மெர்ச்சன்ட் பேங்கர்களின் பட்டியல் செபி தளத்தில் முகவரியோடு இருக்கிறது. சிறு, நடுத்தர நிறுவனங்களின் ஐபிஓவைக் கையாளும் சின்ன நிறுவனங்களும் அதில் உண்டு. அவர்களுக்கும், கம்பெனி மதிப்பீடு செய்யும் ஆடிட்டர் அலுவலகங்களுக்கும் சுருக்கமாக ஒரு மெயில் போடுங்கள். நீங்கள் போட்ட எக்செல் கணக்கை இணைத்து அனுப்புங்கள். பத்துப் பேருக்கு அனுப்பினால் ஒருவர் பதில் போட்டாலே லாபம்தான்.

பயிற்சி நிலையத்தில் என்ன கேட்க வேண்டும்?

ஆபரேஷன்ஸ் வேலைதான் வேண்டும் என்று தெரிந்தே பயிற்சியில் சேர்வதில் தவறில்லை. ஆனால் கட்டணம் கட்டும் முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். போன பேட்ச் மாணவர்கள் எந்த நிறுவனத்தில், எந்த டீமில், என்ன பதவியில் சேர்ந்தார்கள்? இன்டர்ன்ஷிப் நிஜமான நிறுவனத்திலா, ஆன்லைன் புராஜெக்டா? வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா, அதற்கு என்ன நிபந்தனை?

'இன்டர்ன்ஷிப் தருகிறோம், முதலில் டெபாசிட் கட்டுங்கள்' என்று வங்கியின் பெயரைச் சொல்லி யாராவது கேட்டால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதே வங்கியின் இணையதளத்தில் வேலைவாய்ப்புப் பக்கத்தைத் திறந்து, அப்படி ஓர் இடம் உண்மையிலேயே இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.