ஸ்கீமா மேல பழி போடாதீங்கப்பா!

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் பொட்டி தட்டுற சமாச்சாரம். கவிதை தேடி வந்தவங்க மன்னிக்க :-)

ஆபீஸ்ல இப்ப புடுங்குற ஆணி, ஒரு மருத்துவமனை மென்பொருள். நோயாளி விவரம் எக்ஸ்எம்எல்லா வரும். அதுல 'பென்சிலின் ஒவ்வாமை உண்டா?'ன்னு ஒரு பூலியன் ஃபீல்டு. அனுப்பினவங்க 1ன்னு அனுப்பினாங்க. ஸ்கீமா சோதனையில பாஸ். ஆனா திரையில வந்தது 'ஒவ்வாமை இல்லை'.

நல்லவேளை, டெஸ்டிங்லயே மாட்டிக்கிச்சு. நிஜ நோயாளியா இருந்திருந்தா? நினைச்சாலே வயித்தைக் கலக்குது. ஏன்னா அந்த வரியை எழுதின மகானுபாவன் அடியேன்தான்.

உடனே மீட்டிங். தீர்ப்பு என்ன தெரியுமா? "ஸ்கீமாவுல பூலியனைத் தூக்கிட்டு ஸ்ட்ரிங்னு போட்டுடலாம், நாமளே கோடுல பாத்துக்கலாம்." இதைக் கேட்டு வந்த கோபம்தான் இந்தப் பதிவு.

ஸ்கீமா மேல என்ன தப்பு? 2001ல டபிள்யூ3சி வெளியிட்டப்பவே தெளிவா சொல்லிட்டாங்க. ட்ரூ, ஃபால்ஸ், 1, 0 - இந்த நாலுதான் செல்லும். எழுத்தெல்லாம் சின்ன எழுத்தா இருக்கணும். முன்னும் பின்னும் இடைவெளி இருந்தா பரவாயில்லை, ஆனா வெறுமையா விட்டா செல்லாது. 2012ல வந்த 1.1லயும் இதே கதைதான்.

தப்பு பண்றது அதுக்கப்புறம் படிக்கிற நாம. ஜாவாவோட பார்ஸ்பூலியன் பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான்: வந்தது 'ட்ரூ'வா? பெரிய எழுத்து, சின்ன எழுத்து கணக்கில்லை. மத்த எதுவா இருந்தாலும் ஃபால்ஸ். 1 வந்தாலும் ஃபால்ஸ், 'ட்ரூ'வுக்கு முன்னாடி ஒரு இடைவெளி இருந்தாலும் ஃபால்ஸ். பிழைன்னு ஒரு முனகல்கூட கிடையாது.

டாட்நெட்காரங்க சிரிக்காதீங்க. உங்க பூல் டூஸ்ட்ரிங் முதல் எழுத்தைப் பெரிசாக்கித் துப்பும், ஸ்கீமா அதைத் திருப்பி அனுப்பிடும். அதுக்குன்னே எக்ஸ்எம்எல்கன்வர்ட் இருக்கு, யாரு தொடுறா? எக்ஸ்பாத்ல 'ஃபால்ஸ்'ங்கிற ஸ்ட்ரிங்கை பூலியன் ஆக்கிப் பாருங்க, ட்ரூன்னு வரும். காலி இல்லாத ஸ்ட்ரிங் எதுவா இருந்தாலும் அதுக்கு ட்ரூதான்!

ரெண்டு மதிப்புக்கு நாலு எழுத்துமுறை எதுக்குன்னு கேக்குறீங்களா? நியாயமான கேள்விதான். 1, 0 வேண்டாம்னா பேட்டர்ன் போட்டு ட்ரூ, ஃபால்ஸ் மட்டும்னு இறுக்குங்க. எனுமரேஷன் பூலியன்ல எடுபடாது. இறுக்கின பிறகு 1 வந்தா வாசல்லயே சத்தம் போட்டு விழும். சத்தம் போட்டு விழுற பிழை நல்ல பிழைங்க. சத்தமில்லாம 'இல்லை'ன்னு சொல்றதுதான் ஆளைக் கொல்லும்.

ஸ்ட்ரிங் ஆக்கினா? 'ஒய்', 'எஸ்', 'தெரியலை', காலி இடம் எல்லாம் உள்ள வரும். அத்தனையையும் அதே பார்ஸ்பூலியன் 'இல்லை'ன்னு விழுங்கும். திருடன் வந்துட்டான்னு கதவையே கழட்டி வச்ச மாதிரி.

இன்னொண்ணு. 'தெரியாது' வேற, 'இல்லை' வேற. டாக்டர் இன்னும் கேக்கலைன்னா அந்த எலிமென்டை நில்லபிள் ஆக்குங்க, ஃபால்ஸ் போட்டு ரொப்பாதீங்க.

நான் பண்ணின திருத்தம் நாலே வரி. ஓரத்து இடைவெளியை வெட்டு, நாலு மதிப்போட ஒப்பிடு, எதுலயும் சேரலைன்னா எக்செப்ஷன் வீசு. ஸ்கீமாவைத் தொடலை.

ஸ்ட்ரிங் கட்சிக்காரங்க யாராச்சும் இருந்தா பின்னூட்டத்துல வந்து கும்முங்க. நான் ரெடி!