'நெட்ல போட்டிருக்கு' என்பது பதில் அல்ல

 

எங்கள் திருநகரில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கீழடி பற்றிய பிராஜெக்டைக் காட்ட வந்தாள். சார்ட்டில் கொட்டை எழுத்தில் 'கீழடி - 10,000 ஆண்டுப் பழமை'. "யாரும்மா சொன்னது?" என்றேன். "நெட்ல போட்டிருக்கு தாத்தா."

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அதே வரி எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவிலும் வந்தது. அனுப்பியவர் வரலாற்று ஆசிரியர். ஒருவர்கூட "ஆதாரம் என்ன?" என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

உண்மை என்ன? 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை, 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிம மாதிரியின் காலம் கி.மு. 580 என்கிறது. சோதித்தது அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக் ஆய்வகம். மத்தியத் தொல்லியல் துறைக்காக முதல் இரண்டு கட்டங்களைத் தோண்டிய அமர்நாத் ராமகிருஷ்ணா, 2023 ஜனவரியில் கொடுத்த 982 பக்க அறிக்கையில், முதல் காலகட்டத்தைக் கி.மு. 8ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்குகிறார். அதைத் திருத்தச் சொல்லி 2025இல் அவருடைய துறையே கேட்டது. மண்ணடுக்கும் காலக்கணிப்பும் காட்டுவதைத்தான் எழுதியிருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார்.

பள்ளிகளில் நாம் சொல்லித்தரும் சூத்திரம் என்ன? 'அரசு இணையதளம் என்றால் நம்பு, விக்கிப்பீடியா என்றால் நம்பாதே.' இங்கே அரசுத் துறைக்குள்ளேயே வழக்கு! பிள்ளை எந்த முத்திரையைப் பார்த்து நம்புவாள்?

முத்திரையை விடுங்கள். நான்கு கேள்வி போதும். யார் சொன்னது? எப்போது? எதை வைத்து? யார் மறுக்கிறார்கள்? விக்கிப்பீடியா என்றாலும் அடிக்குறிப்பைப் பிடித்து மூல அறிக்கைக்குப் போகச் சொல்லுங்கள். ஆழமும் ஆய்வகமும் சொல்லியிருந்தால் எதிராளியும் சரிபார்க்கலாம். 10,000 ஆண்டு ஃபார்வர்டில் பெயர் இல்லை, தேதி இல்லை. 'தமிழனாக இருந்தால் பகிரவும்' மட்டும் இருக்கிறது.

"தமிழின் பெருமையைக் குறைக்கிறீர்களா சார்?" என்று சிலர் வருவீர்கள். சில நூற்றாண்டுகளுக்காக ஓர் ஆய்வாளர் மண்ணடுக்கைக் காட்டி மல்லுக்கட்டுகிறார். நாம் ஏழாயிரம் ஆண்டைச் சும்மா சேர்த்து அனுப்புகிறோம். 'இவர்கள் சொல்வதெல்லாம் இப்படித்தான்' என்று கீழடியையே தள்ளிவிட நினைப்பவர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

அந்தப் பிள்ளை சார்ட்டைத் திருத்தினாள். இரண்டு காலக்கணிப்பையும் எழுதி, 'ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது' என்று சேர்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "இப்படி எழுதினா மார்க் குறைச்சிருவாங்களா தாத்தா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பணியில் இருக்கும் ஆசிரியத் தோழர்களே, பதில் உங்கள் சிவப்பு மையில் இருக்கிறது.