மெழுகுவத்தியோடு அந்த அட்டையும்



மாண்டஸ் புயலை நம் கரையோர மக்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாமல்லபுரம் பக்கம்தான் கரையேறியது. புயல் என்றதும் கொக்கிலமேட்டுக்காரர்கள் படகை மேட்டுக்கு இழுப்பார்கள். செங்கல்பட்டில் இருக்கும் நாம் பாலுக்கும் பிரெட்டுக்கும் மெழுகுவத்திக்கும் ஓடுவோம். சில வீடுகளில் இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தாக வேண்டும். இந்த மாதம் அதைத்தான் சொல்ல வந்தேன்.

குளோபசாம் என்றொரு மாத்திரை. வலிப்பு உள்ள பிள்ளையை வளர்ப்பவர்களுக்குப் பழகிய பெயர். பென்சோடயசிபைன் குடும்பத்தைச் சேர்ந்தது, டயசிபாமுக்குச் சொந்தக்காரன். மூளையைச் சாந்தப்படுத்தும் ‘காபா’ என்ற ரசாயனம் நம்மிடம் இயல்பாகவே உண்டு. அதன் கையை வலுப்படுத்துவதுதான் இந்த மருந்தின் வேலை. 1970-களில் ஐரோப்பாவில் மனப்பதற்றத்துக்கு என்று வந்தது, பிறகு வலிப்புக்கும் கைகொடுத்தது. பெரும்பாலும் வேறொரு வலிப்பு மருந்தோடு சேர்த்தே தருவார்கள். அமெரிக்கா இதை அனுமதித்தது 2011-இல்தான். நம் ஊர் மருத்துவர்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை!

சிக்கல் எங்கே என்றால், இது உடம்புக்குப் பழகிவிடும். பழகிய பிறகு திடீரென்று நிறுத்தினால் அடங்கிக் கிடந்த வலிப்பு முன்னைவிட மூர்க்கமாக வரலாம். ஒன்று ஓயுமுன் அடுத்தது என்று தொடரவும் கூடும். “தூக்க மாத்திரை மாதிரியாமே, விட்டுடு” என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். விட வேண்டுமானால் மருத்துவர்தான் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். அதுவரை குடி கூடவே கூடாது, மூச்சே மந்தமாகிவிடும். மாத்திரை தொடங்கிய புதிதிலும் அளவு கூட்டியபோதும் தூக்கம் அசத்தும், ஈ.சி.ஆரில் வண்டியை எடுக்காதீர்கள்.

மருந்து நின்றுபோவதற்குப் புயல் மட்டுமா காரணம்? கல்யாணமாகிப் போன பெண், மாமியார் கண்ணில் படாமல் மாத்திரையை விழுங்க முடியாமல் நான்கு நாள் விட்டுவிடுகிறாள். திருமணத்தை ரத்து செய்யும் காரணங்களில் ஒன்றாக இந்துத் திருமணச் சட்டத்தில் இருந்த வலிப்பு நோயை 1999-லேயே எடுத்துவிட்டார்கள். சட்டத்திலிருந்து போனது சம்பந்தம் பேசும் திண்ணையிலிருந்து இன்னும் போகவில்லை.

சாவிக்கொத்தும் அப்படித்தான். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிப்பதால் எதுவும் நிற்காது. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடங்களில் தானாக அடங்குவதால் சாவிக்குப் பெயர் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. கடலுக்குப் போகிறவர் என்றால், தனியாகப் போகலாமா என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

ஐப்பசி பிறந்தாயிற்று. அலமாரியில் இருக்கும் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள். ஒரு வாரத்துக்குக் குறைவாக இருந்தால் இன்றைக்கே சீட்டோடு கிளம்புங்கள். சீட்டு இல்லாமல் கடைக்காரர் தரமாட்டார், தரவும் கூடாது.

அன்புடன்,
ஆசிரியர்